பதில் சொல்லும் பெட்டி

ரேடார் என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய கண் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்ன விமானங்களைப் பொறுத்தவரை அது கண் இல்லை, வாய். "யாருப்பா அங்கே?" என்று நாலு திசையும் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். விமானத்துக்குள் செங்கல் அளவுகூட இல்லாத ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, "நான்தான், என் நம்பர் இது, இத்தனை உயரத்தில் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அந்தப் பதில்தான் திரையில் புள்ளியாக நகர்கிறது. பெட்டி வாயை மூடிக்கொண்டால் புள்ளி போய்விடும். விமானம் என்னவோ எப்போதும்போலப் பறந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மலையும் மேகமுமாக இருக்கிற இடத்தில் ரேடாருக்கு அது இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். அந்த ஐப்பசி மாதத்தில் சேர்வராயன் மலையில் பூலோகமே பூனையை நம்பியது.

பெட்டிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். சேலத்துக்குப் பக்கத்தில், அடிவாரத்தில் இருக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இந்தப் பெட்டிகளையும் ரேடியோக்களையும் பார்த்துக்கொள்வதுதான் அமலியின் வேலை. மலைமேல் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற சந்திப்பில் பிறந்து வளர்ந்தவள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகள், வயது முப்பத்தாறு. அவள் கைபட்டால் எந்த ரேடியோவின் கரகரப்பும் நின்றுவிடும் என்று பள்ளியில் பேச்சு. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியைக் கவிழ்க்க விதிக்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமாக இருந்தது.

காகிதம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பறக்கிற ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடார்காரர்கள் ஒரு நாலு இலக்க எண் கொடுப்பார்கள். விமானி பெட்டியில் உள்ள நான்கு குமிழ்களைத் திருகி அந்த எண்ணை வைக்க வேண்டும். சில எண்களுக்குத் தனி அர்த்தம் உண்டு. ஏழு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று வைத்தால் விமானத்தை யாரோ கடத்திவிட்டார்கள் என்று பொருள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பயிற்சிக்கு வந்த ஒருவன் எண்ணை மாற்றும்போது குமிழை எக்குத்தப்பாகத் திருகி அந்த எண்ணில் போய் இரண்டு நொடி நின்றுவிட்டான். அவன் தரையிறங்கும்போது ஓடுதளத்தில் மூன்று போலீஸ் வண்டி. கடத்தல்காரனைப் பிடிக்க வந்தவர்கள் கண்டது, கதவைத் திறந்து இறங்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நோஞ்சானைத்தான். ஊரே சிரித்தது. பள்ளிக்கு வந்த நோட்டீஸைப் பார்த்துத் தலைமைப் பயிற்சியாளர் அண்ணாதுரை மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா இப்படி நடக்கக் கூடாது, அமலி. என்ன பண்ணுவியோ தெரியாது."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது. அமலி யோசித்தாள். பழைய விமானிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணை மாற்றும் முன் பெட்டியை ஸ்டாண்ட்பையில் வைத்துவிடுவார்கள். அதாவது பெட்டி விழித்திருக்கும், பதில் சொல்லாது. எண்ணை மாற்றி முடித்ததும் மறுபடி ஆன் செய்துவிடுவார்கள். நடுவில் எந்த எண் வந்து போனாலும் ரேடாருக்குத் தெரியாது. அமலி சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து நான்கு விமானங்களிலும் பெட்டிக்கு மேலே ஒட்டினாள். 'நம்பர் மாற்றும் முன் ஸ்டாண்ட்பை.' அவ்வளவுதான். அந்த இடுக்கில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. மாற்றிய பின் ஆன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைத்தாள்.

அண்ணாதுரை அதையே பாடமாக்கிவிட்டார். தரையில் உட்கார்ந்தபடியே மாணவர்களை நூறு தடவை செய்ய வைப்பார். அவர் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கை ஸ்டாண்ட்பைக்குப் போயிருக்க வேண்டும். அதில் எல்லாரையும்விட வேகமான கை சிவரஞ்சனியுடையது.

சிவரஞ்சனி அதே மலையில் வாழவந்தி என்கிற ஊர்க்காரி. கேழ்வரகும் காப்பியும் ஆரஞ்சும் போட்டுப் பிழைக்கிற வெங்கடாசலத்தின் ஒரே மகள், இருபத்து மூன்று வயது, அரசு உதவித்தொகையில் வந்தவள். அந்த மலையில் விமானத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் உண்டு, குனிந்து ஊரைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். முதன்முறை தனியாகப் பறக்கப் போகிறாள் என்றதும் வெங்கடாசலம் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். அவரைப் பள்ளிக்கே கூட்டி வந்து, விமானத்துக்குள் உட்கார வைத்து, பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த சின்ன விளக்கைக் காட்டினாள்.

"இது கண்ணடிக்குதுல்லீங்கப்பா? ஒவ்வொருக்காவும் நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுதுன்னு அர்த்தம். மேகத்துக்குள்ள போனாலும் ரேடாருக்குத் தெரியும். நீங்க ஊட்டுல நிம்மதியாத் தூங்குங்க. இது பொய்யே சொல்லாது."

"அப்படிங்களா அம்மிணி?" என்று அவர் பக்கத்தில் நின்ற அமலியைக் கேட்டார். ஆமாம் என்று அமலி சிரித்தாள். வெங்கடாசலம் பெட்டியைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அது நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிவரஞ்சனி தனியாகக் கிழக்குக் கடற்கரைவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் மலை முழுக்க மேகம் கவிந்துவிட்டது. மூன்று மணி எட்டு நிமிஷத்துக்கு ரேடாரிலிருந்து புது எண் கொடுத்தார்கள்: நான்கு, இரண்டு, ஏழு, ஒன்று. அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். மூன்று நொடியில் திரையிலிருந்து புள்ளி காணாமல் போனது. அதன் பிறகு எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. அவள் மலைக்குப் பின்னால் தாழ இறங்கியிருந்தால் ரேடியோவும் எட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புள்ளி மறைந்த இடம் கிளியூர் அருவிக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்குக்கு நேர் மேலே. நொடி சுத்தமாகக் கணக்கு இருக்கும்போது வேறு யோசனை யாருக்கு வரும்? விழுந்தால் தானாகவே கூவ வேண்டிய இன்னொரு கருவியும் விமானத்தில் இருந்தது. அதுவும் கூவவில்லை.

ஐந்தரை மணிக்குப் பள்ளியில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். சிவரஞ்சனியின் குரலில் பதற்றமே இல்லை. நாலு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எல்லாரும் அழுதார்கள். அமலிக்கு அழுகை வரவில்லை. மூன்று நொடி. ஒரு கை கட்டுப்பாட்டுச் சக்கரத்தை விட்டுப் பெட்டிக்குப் போக ஆகிற நேரம்.

அண்ணாதுரையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவ ஸ்டாண்ட்பைல போட்டுட்டு எண்ண மாத்தியிருக்காளுங்க சார். மேகத்தப் பாத்த பதட்டத்துல திரும்ப ஆன் பண்ணல. அதான் புள்ளி போயிருக்குது. விமானம் போகலீங்க. அது எங்கியோ பறந்துட்டு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். அதாவது உனக்கே உறுதியாத் தெரியல."

"தெரியலீங்க, ஆனா..."

"அந்த ஸ்டிக்கரு அனுமதி வாங்கி ஒட்டுனதா?"

இல்லை என்று அமலி தலையாட்டினாள்.

"உன் லைசென்சு போயிரும். ஸ்கூலயும் மூடீருவாங்க. போனவ போயிட்டா அமலி. அங்கதான் விழுந்திருப்பா, காலைல எடுத்துருவாங்க. எடுக்கலீன்னா அப்பறம் பேசிக்கலாம்." பிறகு அவர் விமானக் கொட்டகைக்குப் போய், நின்றிருந்த மூன்று விமானங்களிலும் சிவப்பு ஸ்டிக்கரைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். அமலி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதை நம்பவும் ஆசையாக இருந்தது. பயப்படுகிறவர்களுக்கு 'உறுதியாகத் தெரியாது' என்ற வார்த்தையைப் போல ஒரு மெத்தை கிடையாது. அதில் படுத்துக்கொண்டால் எழுந்திருக்கவே மனம் வராது.

புதன்கிழமை காலை ஒண்டிக்கடையில் பந்தல் போட்டு மேஜையில் வரைபடம் விரித்திருந்தார்கள். கிளியூர்ப் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தீயணைப்புக்காரர்கள், வனக்காவலர் சென்றாயன் தலைமையில் காட்டு ஆட்கள், எஸ்டேட் ஆட்கள் என்று நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கடைக்காரர்கள் கேட்காமலேயே டீ கொடுத்தார்கள். எதிரில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

ஒன்பதரை மணி பஸ்ஸில் வெங்கடாசலம் வந்தார். நேராக மேஜைக்குப் போனார்.

"ஏனுங்க சார், நீங்க தப்பான எடத்துல தேடறீங்க. என்ற தலைக்கு மேலதானுங்க போச்சு. வாழவந்தியில. மூணு மணி பஸ்ஸு போயிச் செத்த நேரங்கழிச்சு, காப்பிக்காட்டுல நின்னுட்டு இருந்தனுங்க. மேகத்துல கண்ணுக்குத் தெரியல, சத்தந்தான். நொம்பத் தாழப் போச்சுங்க. எங்கூரு ஆளுங்க பன்னெண்டு பேரு விடிஞ்சதுலருந்து அங்கதான் தேடிட்டு இருக்கறாங்க."

தேடுதலுக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர். எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தார். "பெரியவரே, உங்க மனசு எனக்குப் புரியுது. மலையில சத்தம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ கேட்கும். கிளியூர்ல கேட்ட சத்தம் உங்க பக்கம் எதிரொலிச்சிருக்கும். ரேடார்ல நொடிக்கணக்கா பதிவு இருக்கு."

"ரேடாரு சொல்லுதுங்களா?"

"ரேடார்தான் சொல்லுது."

வெங்கடாசலம் தடுமாறினார். சுற்றும்முற்றும் பார்த்தவர் கண்ணில் அமலி பட்டாள். அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான்.

"அமலி கண்ணு, நீ சொல்லு. அந்தப் பொட்டியப் பத்தி உனக்குத்தான் தெரியும். அது தப்பாச் சொல்லுமா?"

அண்ணாதுரை நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை, டீயை ஊதிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. சொன்னால் இந்த நூறு பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அமலி நினைத்தாள்.

"பொட்டி தப்பாச் சொல்லாதுங்க ஐயா."

அது நிஜம்தான். பெட்டி தப்பாக எதையும் சொல்லவில்லை, சும்மா இருந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் கலக்காமல் ஒரு மனுஷனை ஏமாற்ற முடியும் என்று அமலி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

வெங்கடாசலம் தலையாட்டினார். "எம்புள்ளையும் அதையேதான் சொல்லுச்சு." பிறகு மடியிலிருந்து போனை எடுத்து வாழவந்திக்குப் பேசினார். "டேய் முருகா, அங்க போதும், உட்டுட்டு வாங்கடா. எல்லாரும் கிளியூருக்கு வந்துருங்க. ரேடாரு இங்கதான்னு சொல்லுதாம்." அவர் பேசி முடிக்கும்போது மணி பத்தே கால். அமலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

புதன்கிழமை முழுக்கக் கிளியூர்ப் பள்ளத்தைச் சல்லடையாகச் சலித்தார்கள். கயிறு கட்டி இறங்கினார்கள். உண்ணிச்செடிப் புதரை வெட்டி வழி செய்தார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து வெங்கடாசலத்தின் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. "சாமீ... எங்கிருக்கற சாமீ..." அமலி மேலே பந்தலில் டீ தம்ளர்களைக் கழுவினாள். அவளை யாரும் கழுவச் சொல்லவில்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வாய்தா போட்டாள். இப்போது கிடைத்துவிடும். சரி, இருட்டுவதற்குள் கிடைத்துவிடும். ஒரு வேளை நிஜமாகவே இங்கே விழுந்திருந்தால்? பாழாய்ப்போன மனசு எத்தனை சாக்கு வேண்டுமானாலும் செய்து தரும். ஐந்து மணிக்கு வெங்கடாசலம் மேலே ஏறி வந்தபோது அவருக்குக் குரலே இல்லை. ஒரு தகரத் துண்டுகூடக் கிடைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அமலி பந்தலுக்கு வந்தபோது வெங்கடாசலம் அங்கேயேதான் குந்தியிருந்தார். கால் இரண்டும் முள் கிழித்து ரத்தம் உறைந்திருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்த பன் கையில் பிய்க்காமல் இருந்தது. அவளைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"உழுந்திருந்தா ஒரு துண்டாச்சும் கெடைக்கோணுமில்ல கண்ணு?"

அமலி குனிந்து அவர் காலில் தைத்திருந்த ஒரு முள்ளைப் பிடுங்கினாள்.

"பொட்டி பொய் சொல்லாது. என்ற காதுதான் பொய் சொல்லிருச்சு. வயசாயிப் போச்சு பாரு, கெழவன் பேச்சக் கேட்டு அந்தப் பன்னெண்டு பேரும் வேற நேத்துக் காலைல வீணா அலைஞ்சாங்க." அவர் தன் காதை ஒரு குற்றவாளியைப் பிடித்ததுபோல் பிடித்துத் திருகிக்கொண்டார்.

அதற்கு மேல் அமலியால் முடியவில்லை. எழுந்து அதிகாரியிடம் ஓடினாள். ஸ்டிக்கர், ஸ்டாண்ட்பை, மூன்று நொடி, எல்லாவற்றையும் கொட்டினாள். ஒண்டிக்கடை முழுக்கக் கேட்கும்படிதான் பேசினாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாக்கெழம சாயங்காலமே தெரியுமுங்க."

அவருக்குத் திட்டுவதற்கு நேரம் இல்லை. ஸ்கேலை வைத்துக் கிளியூரிலிருந்து வாழவந்திக்குக் கோடு போட்டார். விமானத்துக்கு மூன்று நிமிஷத் தூரம். சென்றாயன் ஆட்களைக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றினார். வெங்கடாசலம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பன்னைத் துண்டில் முடிந்துகொண்டு முதல் ஜீப்பில் ஏறினார். மகள் பசியோடு இருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாற்பதுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாழவந்தியைத் தாண்டிய மேல் சரிவில், எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இறக்கை இரண்டும் முறிந்து விழுந்திருந்தன. நடுக்கூடு அதிகம் நசுங்கவில்லை. கூவ வேண்டிய கருவியின் ஏரியல் வேரோடு ஒடிந்திருந்தது. அவளுடைய போன் சில்லுசில்லாக உடைந்திருந்தது. மூட்டம் விலகியிருந்தால் அங்கேயிருந்து பார்க்க வெங்கடாசலத்தின் வீட்டுக் கூரை தெரியும். மேகத்துக்கு அடியில் இறங்கி, தனக்குத் தெரிந்த ஒரே நிலத்தை அவள் தேடி வந்திருக்கிறாள்.

சிவரஞ்சனி இருக்கையில் சாய்ந்தபடி இருந்தாள். கால் கம்பிக்குள் மாட்டியிருந்தது. சென்றாயன் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு ஆறலியே, அய்யோ, இன்னம் சூடு ஆறலியே" என்று அலறினார். கூட வந்த டாக்டர் பார்த்தார். உயிர் போய் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றார்.

வெங்கடாசலம் மகளின் காலைக் கம்பிக்குள்ளிருந்து எடுக்க, எடுக்க, எடுக்கப் பார்த்தார். மூன்று பேர் சேர்ந்து அவரை விலக்க வேண்டியிருந்தது.

விமானத்துக்குள் எந்தக் குமிழ் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ள அதிகாரி அமலியைத்தான் கூப்பிட்டார். வேறு யாருக்கும் தெரியாதே. அவள் கதவு வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். பெட்டியின் நான்கு சன்னல்களில் நான்கு, இரண்டு, ஏழு, ஒன்று. ஒரு பிசகு இல்லை. பக்கத்தில் இருந்த குமிழ் ஸ்டாண்ட்பையில். அதற்கு மேலே சிவப்பு எழுத்து, ஒரு கீறல்கூட இல்லாமல். அடியில் இரண்டாவது வரிக்கு இடம் இல்லை என்று நினைத்தது பொய். இருந்தது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக அடித்திருந்தால் இருந்தது.

தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகை சிவரஞ்சனியின் மடியிலேயே கிடந்தது. பென்சிலில் ஏதோ எழுதியிருந்தாள். அதிகாரி அதைப் படமெடுத்துக்கொண்டு பலகையை வெங்கடாசலத்திடம் காட்டினார். வெங்கடாசலத்துக்குக் கண்ணும் தெரியவில்லை, எழுத்தும் கூடி வரவில்லை. அதற்குள் உடலை ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் போர்த்தி, கீழே அவருடைய ஆரஞ்சு மரங்களுக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் ஏறத் திணறிக்கொண்டிருந்தது.

"நீயே படி, அமலி கண்ணு" என்றார்.

ஒண்டிக்கடையில் அவள் கத்தியது அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் உறைக்கவில்லையா என்று அமலிக்குத் தெரியவில்லை. பலகையை வாங்கிப் படித்தாள்.

"செவ்வாய் மூணு பதினொண்ணு. மரத்துல மோதிட்டேன். கால் மாட்டிக்கிச்சு. ரேடியோ வேலை செய்யல. பயம் இல்ல, ரேடார்ல பார்த்திருப்பாங்க."

"ம்."

"புதன் காலை ஏழே முக்கால். ஆளுங்க கூப்பிடற சத்தம் கேக்குது. எங்கூர் ஆளுங்கதான். முருகன் சித்தப்பா குரல். நானும் கத்தறேன். ஓடைச் சத்தத்துல கேக்கல போல. ஆனா கிட்ட வர்றாங்க."

முருகன் அங்கேதான் நின்றிருந்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

அமலி அடுத்த வரியைப் பார்த்தாள். பலகையை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"படி."

"புதன் பத்தரை." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "சத்தம் நின்னுபோச்சு. எல்லாரும் போறாங்க. ஏன்?"

வெங்கடாசலம் மடியில் இருந்த போனை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "நாந்தான் வரச் சொன்னேன்" என்றார் யாருக்கோ சொல்வதுபோல. "நாந்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். பத்தே காலுக்கு."

இன்னும் ஒரு குறிப்பு இருந்தது. எழுத்து கோணலாக ஓடியிருந்தது. அமலி அதையும் படித்தாள்.

"வியாழன். விடிஞ்சிருச்சு. அமலியக்கா, இப்பத்தான் பார்த்தேன். ஸ்டாண்ட்பையிலயே விட்டுட்டேன். திரும்பப் போட மறந்துட்டேன். என் தப்புதான். அப்பாகிட்ட பெட்டி பொய் சொல்லலைன்னு சொல்லுங்க."

அதோடு முடிந்தது. இந்தக் காகிதம் ஒன்று போதும். அமலியும் தப்பிப்பாள், பள்ளியும் தப்பிக்கும். செத்தவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அண்ணாதுரை கேட்டால் கோவிலில் தேங்காய் உடைப்பார்.

"எம்புள்ள தப்புங்களா?" என்று வெங்கடாசலம் கேட்டார். "அவ மறந்துட்டாளா?"

"இல்லீங்க." அமலி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அவ மேல தப்பே இல்லீங்க ஐயா. உங்க மேலயும் இல்லீங்க. அணைக்கச் சொல்லி எழுதி ஒட்டுனது நானு. திரும்பப் போடுன்னு எழுதாம உட்டதும் நானு. புள்ளி போச்சுன்னா அவ உழுந்துட்டான்னு அர்த்தமில்லேன்னு செவ்வாக்கெழமயே எனக்குத் தெரியும். உங்க காது பொய் சொல்லலீங்க."

"நேத்து நான் உன்னைக் கேட்டப்பவும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"நான் போன் பண்ணறப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாங்க."

அவர் கையை ஓங்குவார் என்று அமலி எதிர்பார்த்தாள். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. வெங்கடாசலம் துண்டில் முடிந்திருந்த பன்னை எடுத்தார். நசுங்கிப் போயிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் வைத்தார்.

"என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு கண்ணு?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஏன்னு கேட்டு எழுதியிருக்கறது அவதான? அவகிட்டப் போயிச் சொல்லு."

அமலி எழுந்து போனாள். போர்வையை விலக்கத் துணிவு வரவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கே வாயில் தயாராக இருந்த பதிலை, வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.